சுருங்கும் வட்டத்தின் கணக்கு

நூறு பேர் ஒரு தீவில் வெறுங்கையோடு இறங்கி, அங்கே கிடைக்கும் ஆயுதங்களையும் மருந்துகளையும் திரட்டிக்கொண்டு, நேரம் செல்லச் செல்லச் சுருங்கிவரும் ஒரு வட்டத்துக்குள் தங்களைக் காத்துக்கொள்ளப் போராடி, கடைசியில் எஞ்சும் ஒருவரோ ஓர் அணியோ வெற்றி பெறுவது என்பதே 'பேட்டில் ராயல்' எனப்படும் வீடியோ விளையாட்டு வகையின் அடிப்படை விதி. ஜப்பானிய எழுத்தாளர் கௌஷுன் தகாமியின் 1999ஆம் ஆண்டு நாவலும், அதைத் தழுவி 2000இல் கிஞ்சி ஃபுகசாகு இயக்கிய திரைப்படமும் இந்த வகைக்குப் பெயரைத் தந்தன. அயர்லாந்தைச் சேர்ந்த பிரெண்டன் கிரீன், வேறொரு போர் விளையாட்டில் தாம் செய்துபார்த்த மாற்றங்களை வளர்த்தெடுத்து, தென்கொரிய நிறுவனம் ஒன்றின் துணையோடு 2017 மார்ச்சில் கணினிக்காக வெளிக்கொணர்ந்த 'பப்ஜி', அடுத்த ஆண்டே கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. இந்திய அரசு 2020 செப்டம்பர் 2 அன்று 118 செயலிகளில் ஒன்றாக அதைத் தடை செய்ததும், அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ 2021 ஜூலையில் வெளியாகி, 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் திரும்பி வந்ததும் பலரும் அறிந்தவை.

1931இல் ஓடத் தொடங்கிய கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் இன்று பயணம் செய்பவர்களுக்கு, கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களாலும் ஆடிக்கொண்டிருக்கும் கல்லூரி மாணவர்கள் பழகிப்போன காட்சி. தாம்பரத்தில் ஏறியதும் தொடங்கும் ஒரு பிஜிஎம்ஐ ஆட்டம், கடைசி வட்டம் வரை நீடித்தால் ஏறக்குறைய அரைமணி நேரம் ஓடி, ரயில் கிண்டியைத் தாண்டிய பிறகே முடியும். 50 பேர் மட்டுமே மோதும் ஃப்ரீ ஃபயர், 2022 பிப்ரவரியில் தடை செய்யப்படும்வரை, பத்து நிமிட அளவில், அதாவது பல்லாவரம் வருவதற்குள் முடிந்துவிடக்கூடிய ஆட்டமாகவும், விலை குறைந்த கைப்பேசியிலும் திணறாமல் ஓடும் ஆட்டமாகவும் இருந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்கைஈஸ்போர்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் பெரிய அளவில் போட்டிகளை நடத்தி வருகின்றன. மின்விளையாட்டை மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்க்கும் அறிவிக்கை 2022 டிசம்பரில் வெளியானது.

பெற்றோரும் ஆசிரியர்களும் தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கும்போது திரையில் தெரிவது துப்பாக்கிச் சண்டை மட்டுமே என்பதால், குறிபார்த்துச் சுடத் தெரிந்தவனே இதில் ஜெயிப்பான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் ஆட்ட நேரத்தின் மிகச் சிறிய பகுதியே சுடுவதில் கழிகிறது. எங்கே இறங்குவது, எங்கே நிற்பது, எப்போது நகர்வது, யார் யார் மோதும்போது ஒதுங்கி நிற்பது என்ற முடிவுகளே ஒருவர் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிப்பார் என்பதைத் தீர்மானிக்கின்றன. அந்த முடிவுகளுக்குப் பின்னால் வடிவியலும் நிகழ்தகவும் ஆட்டக் கோட்பாடும் இருக்கின்றன. பிறருடைய தேர்வைப் பொறுத்துத் தன் தேர்வின் பலன் மாறும் சூழல்களை ஆராயும் கணிதத் துறையே ஆட்டக் கோட்பாடு எனப்படுகிறது.

முதலில் இடத்தின் அளவு. பப்ஜியின் புகழ்பெற்ற வரைபடமான எராங்கல், கடலையும் சேர்த்து, பக்கத்துக்கு 8 கி.மீ. கொண்ட சதுரம். அதைத் தென்சென்னைப் புறநகரின் மீது விரித்துப் பார்த்தால், வடக்கே குரோம்பேட்டை, தெற்கே வண்டலூர், மேற்கே முடிச்சூர், கிழக்கே செம்பாக்கம் என ஏறக்குறைய இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். இத்தனை பெரிய நிலத்தில் நூறே பேர் என்றால் ஒருவருக்கு 0.64 சதுர கி.மீ. கிடைக்கிறது. செடிகளும் விலங்குகளும் நிலத்தில் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை அளக்க கிளார்க், எவன்ஸ் என்ற இரு சூழலியலாளர்கள் 1954இல் பயன்படுத்திய கணக்கின்படி, புள்ளிகள் எந்த ஒழுங்குமின்றிச் சிதறியிருந்தால், ஒரு புள்ளிக்கும் அதற்கு மிக அருகிலுள்ள புள்ளிக்கும் இடையிலான சராசரித் தூரம், ஒரு புள்ளிக்குரிய பரப்பின் வர்க்கமூலத்தில் பாதியாக இருக்கும். இதன்படி நூறு தனியாட்கள் சிதறி இறங்கினால் அடுத்த எதிரி சராசரியாக 400 மீட்டர் தள்ளி இருப்பார். நால்வர் கொண்ட 25 அணிகளாக, அதாவது ஸ்குவாடுகளாக இறங்கினால் அடுத்த அணி 800 மீட்டர் தள்ளி இருக்கும். அதே ஆட்டத்தின் முடிவில், 200 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் 20 பேர் மிஞ்சியிருந்தால் அந்தத் தூரம் 40 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. பத்தில் ஒன்றாகக் குறையும் இந்தத் தூரமே, தொடக்கத்தில் பொருந்திய உத்தி முடிவில் பொருந்தாமல் போவதற்கு முதல் காரணம்: 400 மீட்டர் இடைவெளியில் வாகனத்தில் விரைவது பாதுகாப்பு, 40 மீட்டர் இடைவெளியில் அதே வாகனத்தின் ஓசை தன்னைத்தானே காட்டிக்கொடுப்பது.

ஆனால் எவரும் ஒழுங்கின்றிச் சிதறி இறங்குவதில்லை. பொச்சின்கி, ஸ்கூல், மிலிட்டரி பேஸ் போன்ற இடங்களில் நல்ல பொருள்கள் குவிந்து கிடக்கும் என்பதால் பலரும் அங்கேயே குதிக்கிறார்கள். இதை ஆட்டக்காரர்கள் 'ஹாட் டிராப்' என்பார்கள். இரை கிடைக்கும் இடங்களுக்கிடையே விலங்குகள் எப்படிப் பிரிந்து கொள்கின்றன என்பதை விளக்க ஃபிரெட்வெல், லூகாஸ் ஆகியோர் 1960களின் இறுதியில் முன்வைத்த 'தடையற்ற சீர்ப்பரவல்' என்ற கருத்து இங்கே ஓர் அளவுகோலாக உதவுகிறது. இரை இருமடங்காக உள்ள இடத்துக்கு இருமடங்கு விலங்குகள் சென்றுவிட்டால், தலைக்குக் கிடைக்கும் பங்கு இரண்டு இடங்களிலும் ஒன்றாகிவிடும். அதன்பின் இடம் மாறுவதால் எவருக்கும் லாபமில்லை. கேம்பிரிட்ஜ் தாவரவியல் பூங்காவின் குளத்தில் இரண்டு பேர் வெவ்வேறு வேகத்தில் ரொட்டித் துண்டுகளை வீச, வாத்துகள் சிறிது நேரத்துக்குள்ளேயே ஏறத்தாழ அதே விகிதத்தில் பிரிந்து நின்றதை ஹார்ப்பர் என்ற ஆய்வாளர் 1982இல் பதிவு செய்தார். ஹாட் டிராப்பில் இந்தச் சமநிலை குலைந்து போகிறது: பொச்சின்கியின் பொருள்கள் இருமடங்கு என்றால் அங்கே இறங்குபவர்கள் நான்கு மடங்காகக்கூட இருக்கலாம், ஏனெனில் பலர் அங்கே தேடி வருவது பொருளை அல்ல, சண்டையின் கிளர்ச்சியை. தப்பிப் பிழைப்பதை மட்டுமே குறியாகக் கொண்டவருக்கு, பொருள் சற்றுக் குறைந்தாலும் ஆள் மிகக் குறைந்த ஓரக் குடியிருப்புகளில் தலைக்குக் கிடைக்கும் பங்கு அதிகம். தொழில்முறை அணிகள் ஒவ்வொரு ஆட்டத்திலும் தமக்கென்று ஒதுக்கிக்கொண்ட ஒரே ஊரில் இறங்குவதற்கும், அடுத்த அணி அந்த ஊரைத் தொடாமல் விலகிப் போவதற்கும் இதுவே அடிப்படை.

இறங்கியபின் வருவது வட்டம். வெள்ளைக் கோட்டால் காட்டப்படும் பாதுகாப்புப் பகுதியை ஆட்டக்காரர்கள் 'ஜோன்' என்கிறார்கள். அதற்கு வெளியே நீல நிறத்தில் பரவிவரும் பகுதியில் நிற்பவரின் உயிர்ச்சக்தி தொடர்ந்து குறையும். தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகள் கோடையில் வற்றும்போது நடப்பதும் இதுவே: நீர் பின்வாங்கப் பின்வாங்க மீன்கள் நடுவிலுள்ள பள்ளத்தில் நெருங்கிச் சேர, கொக்கும் நாரையும் அந்தப் பள்ளத்தைச் சுற்றி வந்து நிற்கின்றன. நீர் குறைவதால் மடிவதற்கு முன்பே, நெருக்கத்தால் எளிதில் அகப்பட்டு மடியும் மீன்களும் உண்டு. காற்றை நேரடியாகச் சுவாசிக்கக்கூடிய விரால் சேற்றுக்குள் அடங்கித் தாக்குப்பிடிக்கிறது. விளையாட்டில் அதற்கு ஈடாக மருந்துப் பொருள்களை மிச்சம் பிடித்து, நீலப் பகுதிக்குள்ளேயே சிறிது நேரம் தாங்கி நின்று, மற்றவர்கள் முட்டி மோதியபின் உள்ளே வரும் அணிகள் இருக்கின்றன.

வட்டம் அடுத்து எங்கே சுருங்கும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றாலும், எங்கே நிற்பவருக்கு வாய்ப்பு அதிகம் என்பதைக் கணக்கிடலாம். எளிமைக்காக, புதிய வட்டத்தின் ஆரம் பழையதில் சரிபாதி என்றும், அது பழைய வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் சமவாய்ப்போடு விழலாம் என்றும் வைத்துக்கொள்வோம். புதிய வட்டம் முழுவதும் பழையதற்குள் அடங்க வேண்டுமென்றால், அதன் மையம் பழைய மையத்திலிருந்து பழைய ஆரத்தில் பாதிக்கு மேல் விலக முடியாது. புதிய ஆரமும் அதே பாதிதான். எனவே பழைய வட்டத்தின் மையத்தில் நிற்பவர், புதிய வட்டம் எப்படி விழுந்தாலும் அதற்கு உள்ளே இருப்பார், மிஞ்சிப்போனால் அதன் விளிம்பில் இருப்பார். மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவழியில் நிற்பவருக்கு அந்த வாய்ப்பு 39 சதவீதம். முக்கால் தூரம் விலகி நிற்பவருக்கு 14 சதவீதம். விளிம்பில் நிற்பவருக்கு ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று எவ்வளவு மூடுகின்றன என்ற பள்ளிக்கூட வடிவியலே இந்த எண்களைத் தருகிறது. ஆட்டத்தில் எல்லாக் கட்டத்திலும் ஆரம் சரியாகப் பாதியாகக் குறைவதில்லை. பாதிக்கும் கீழே குறையும் கட்டத்தில் மையத்தில் நிற்பவருக்கான உத்தரவாதம் போய்விடுகிறது, பாதிக்கு மேலேயே நின்றால் அந்த உத்தரவாதம் மையத்தைச் சுற்றிய ஒரு சிறு பரப்புக்கும் நீள்கிறது. எப்படியானாலும், மையத்திலிருந்து விலகும் ஒவ்வொரு அடிக்கும் கொடுக்க வேண்டிய விலை சீராக ஏறுவதில்லை, தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

அப்படியானால் எல்லோரும் மையத்துக்கே ஓடவேண்டியதுதானே என்று தோன்றும். மையத்தில் நிற்பவர் நான்கு திசையையும் காவல் காக்க வேண்டும். விளிம்பை ஒட்டி நகர்பவருக்கோ முதுகுப்பக்கம் நீலப் பகுதி இருப்பதால், அங்கிருந்து வரும் ஓரிருவரைத் தவிர, முன்பக்க அரைவட்டத்தைப் பார்த்தால் போதும். மந்தையின் ஓரத்தில் இருக்கும் விலங்குக்கே ஆபத்து அதிகம் என்று உயிரியலாளர் டபிள்யூ.டி. ஹாமில்டன் 1971இல் வெளியிட்ட 'தன்னல மந்தை' என்ற கருத்து, கொன்றுண்ணி வெளியிலிருந்து வரும் சூழலுக்கானது; இங்கே கொன்றுண்ணிகள் உள்ளேயே இருப்பதால் ஓரத்தின் பொருள் தலைகீழாகிறது. மையத்தைப் பிடிப்பவர்கள் முன்கூட்டியே வந்து கல் வீடோ மேடோ ஒன்றைக் கைப்பற்றி 'ஹோல்ட்' செய்கிறார்கள், அதாவது அசையாமல் காத்து நிற்கிறார்கள். ஓரத்தில் வருபவர்கள் ஒவ்வொரு முறையும் 39, 14 என்ற அந்தக் குறைந்த வாய்ப்பை ஏற்றுக்கொண்டு, அதற்கு மாற்றாக முதுகுக் காப்பைப் பெறுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே, எந்த முடிவும் எடுக்காமல் வட்டம் நெருங்கியபின் திறந்தவெளியில் ஓடுபவர்களே முதலில் வீழ்கிறார்கள். எராங்கலின் தெற்குத் தீவிலுள்ள மிலிட்டரி பேஸிலிருந்து பெருநிலத்துக்கு வர இரண்டே பாலங்கள் என்பதால், அவற்றின் முனையில் ஓர் அணி மறித்து நின்றுவிட்டால், தாமதமாகப் புறப்பட்டவர்களுக்குப் படகோ நீச்சலோதான் மிச்சம்; தாம்பரத்தின் கிழக்கையும் மேற்கையும் பிரிக்கும் தண்டவாளத்தை மேம்பாலத்திலும் சுரங்கப்பாதையிலும் மட்டுமே கடக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் குறுகல் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

சண்டையைத் தவிர்க்க முடியாத நிலையில், எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1916இல் நூலாக வெளியிட்ட வர்க்க விதி விடை தருகிறது. ஒவ்வொருவரும் எதிரியைக் குறிபார்த்துச் சுடக்கூடிய சண்டையில், ஓர் அணியின் வலிமை ஆட்களின் எண்ணிக்கையைப் போல் அல்லாமல் அதன் வர்க்கத்தைப் போல் வளர்கிறது. ஏனெனில் ஆள் கூடும்போது சுடும் துப்பாக்கிகள் கூடுவதோடு, வரும் குண்டுகளும் அதிகப் பேரிடையே பகிரப்படுகின்றன. நால்வருக்கு எதிராக நால்வர் என்றால் 16க்கு 16. ஒரு பக்கத்தில் ஒருவர் 'நாக்' ஆகி, அதாவது உயிரோடு இருந்தும் போரிட முடியாமல் விழுந்துவிட்டால், 16க்கு 9. ஆளில் கால் பங்கு போனதற்கு வலிமையில் ஏறத்தாழப் பாதி போய்விடுகிறது. விழுந்தவரைத் தூக்கிவிட, அதாவது 'ரிவைவ்' செய்ய, இன்னொருவர் பக்கத்தில் அமர்ந்தால் அந்தச் சில நொடிகளுக்குக் கணக்கு 16க்கு 4 என்றாகிறது. எதிரணியில் ஒருவர் நாக் ஆனதும் "ரஷ், ரஷ்" என்று கூவிக்கொண்டு பாயும் விடலைகள் லான்செஸ்டரைப் படித்ததில்லை. ஆனால் அவர்கள் பாயும் தருணம் அவருடைய சமன்பாடு சொல்லும் தருணமே. இதே விதி, நான்கு பேர் கொண்ட எதிரணி இரண்டு இரண்டாகப் பிரிந்து நகர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் காட்டுகிறது: சேர்ந்து நிற்கும் நால்வர் முதல் இருவரை முடித்தபின் கையிலிருக்கும் வலிமை 12, அடுத்த இருவரையும் முடித்தபின் 8. சரிசமமாக இருந்திருக்க வேண்டிய சண்டை, பிரிந்ததனால் மட்டுமே ஒருதலைப்பட்சமாகிவிடுகிறது.

இந்த விளையாட்டின் ஆழமான இடம், இருவர் சண்டை மூவர் சண்டையாக மாறும் புள்ளி. வல்லவரே பிழைப்பாரா என்ற கேள்வியை, மூவர் ஒருவரையொருவர் சுடும் கற்பனைப் போட்டி ஒன்றைக் கொண்டு அமெரிக்கப் பொருளியலாளர் மார்ட்டின் ஷூபிக் 1954இல் எழுப்பினார். பரவலாக எடுத்தாளப்படும் ஒரு கணக்கு இப்படிப் போகும். முதல் ஆள் மூன்று முறை சுட்டால் ஒரு முறை குறி தவறாது. இரண்டாவது ஆளுக்கு மூன்றில் இரண்டு. மூன்றாமவர் குறி தவறுவதே இல்லை. பலவீனமானவரிலிருந்து தொடங்கி முறை வைத்துச் சுடுகிறார்கள், எஞ்சுபவர் ஒருவரே. பலவீனமானவர் முதல் முறை மூன்றாமவரைக் குறிவைத்தால், கடைசியில் தாமே எஞ்சுவதற்கான வாய்ப்பு 31 சதவீதம். ஒருவரையும் குறிவைக்காமல் வானத்தை நோக்கிச் சுட்டால் அது 40 சதவீதமாக உயர்கிறது, ஏனெனில் மற்ற இருவரும் ஒருவருக்கொருவர் பெரிய ஆபத்தாக இருப்பதால் முதலில் தங்களுக்குள் மோதிக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவர் விழுந்தபின் முதல் குண்டு பலவீனமானவர் கையில் இருக்கும். அந்த ஆட்டத்தில் இரண்டாமவருக்கு 38 சதவீதம், குறியே தவறாத மூன்றாமவருக்கு வெறும் 22 சதவீதம். மிகச் சிறந்த துப்பாக்கிக்காரர் கடைசி இடத்தில் நிற்கிறார்.

ஆட்டக்காரர்களின் பேச்சில் 'தேர்ட் பார்ட்டி' என்று வழங்குவது இதன் நடைமுறை வடிவம். இரண்டு அணிகள் மோதும் ஓசை தொலைவிலிருந்தே கேட்கிறது; கைப்பேசிப் பதிப்பில் சிறு வரைபடத்திலும் அதன் திசை தெரிகிறது. மூன்றாவது அணி நெருங்கி வந்து, சண்டை முடியும் தறுவாயில், உயிர்ச்சக்தியும் குண்டும் தீர்ந்த வெற்றியாளரைத் தாக்குகிறது. எனவே ஒரு சண்டையைத் தொடங்குபவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எதிரியை வெல்ல முடியுமா என்பதோடு முடிவதில்லை. வெல்வதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், அதற்குள் யார் வந்து சேர்வார்கள் என்பதே பெரிய கேள்வி. 800 மீட்டர் தள்ளியுள்ள அணி வாகனத்தில் வர ஒரு நிமிடமே போதும். ஒரு நிமிடத்துக்குள் முடிக்க முடியாத சண்டை, தொடங்கியவருக்குச் சொந்தமில்லாத சண்டை. பதுங்கியிருப்பதை, அதாவது 'கேம்பிங்' செய்வதை, கோழைத்தனம் என்று இகழும் வழக்கம் இளைஞர்களிடையே உண்டு. அந்த இகழ்ச்சி நியாயமற்றது. மேனார்ட் ஸ்மித்தும் ஜார்ஜ் பிரைசும் 1973இல் தொடங்கிவைத்த பருந்து–புறா ஆய்வு, காயத்தின் விலை பரிசின் மதிப்பை மிஞ்சும்போது சண்டைக்காரர்களும் (பருந்துகளும்) ஒதுங்குபவர்களும் (புறாக்களும்) ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்திருப்பதே நிலையானது என்று காட்டியது. பரிசு 2, காயத்தின் விலை 6 என்றால் மூன்றில் ஒரு பங்கினரே சண்டைக்காரர்களாக நிலைக்க முடியும். பேட்டில் ராயலில் காயத்தின் விலை ஆட்டத்தையே இழப்பது. ஆகவே ஒதுங்குபவர்கள் பெரும்பான்மையாக இருப்பது இயல்பு.

ஆனாலும் காத்திருப்பவருக்கு எதிராக ஓர் இயற்பியல் உண்மை வேலை செய்கிறது. ஒருவரின் அசைவு கைப்பேசியிலிருந்து சேவையகத்துக்குச் சென்று எதிரியின் திரையை அடைய ஆகும் நேரம் எப்போதும் உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்வதால், ஆயிரம் கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக உள்ள மும்பையில் சேவையகம் இருந்தால், சென்னையிலிருந்து போய்வர மட்டும் குறைந்தது 10 மில்லிநொடி வேண்டும். ரயில் ஓடிக்கொண்டிருக்கையில் கைப்பேசி ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்கு மாறும்போது அது பல மடங்காகக் கூடும். சுவர் மறைவிலிருந்து வெளியே பாய்பவர் எதிரியை உடனே பார்த்துவிடுகிறார்; அவர் வெளியே வந்த செய்தியோ, காத்திருப்பவரின் திரைக்கு இந்தத் தாமதத்துக்குப் பின்னரே போய்ச் சேர்கிறது. மனிதரின் கண் கண்டு விரல் அசைய 200 முதல் 250 மில்லிநொடி ஆகும் என்ற நிலையில், இப்படிக் கூடிய தாமதத்தால் 60 அல்லது 80 மில்லிநொடி முந்துவது சிறிய சலுகையல்ல. இதனால்தான் அனுபவசாலிகள் காத்திருக்கும்போது ஒரே மூலையை வெறித்துக்கொண்டிருப்பதில்லை. இடத்தைச் சற்றே மாற்றிக்கொண்டு, பாய்ந்து வருபவர் முதலில் பார்க்கும் இடத்தில் தாங்கள் இல்லாதபடி பார்த்துக்கொள்கிறார்கள்.

ஒரு தனி ஆட்டத்தில் கடைசிவரை நிற்பதே எல்லாம்; 16 அணிகள் பல நாள் மோதும் தொழில்முறைப் போட்டியில் பிழைத்தலுக்கு விலை குறிக்கப்பட்டிருக்கிறது. பப்ஜி மொபைல் போட்டிகளில் முன்பு முதல் எட்டு இடங்களுக்கு 15, 12, 10, 8, 6, 4, 2, 1 என்று புள்ளிகள் தரப்பட்டன. இப்போது 10, 6, 5, 4, 3, 2, 1, 1. வீழ்த்தும் ஒவ்வோர் எதிரிக்கும், பிஜிஎம்ஐயில் 'பினிஷ்' எனப்படும் ஒவ்வொன்றுக்கும், அன்றும் இன்றும் ஒரு புள்ளி. பழைய அட்டவணையில் ஏழாம் இடத்திலிருந்து இரண்டாம் இடம் வரை, வேறோர் அணி விழுவதைப் பார்த்துக்கொண்டு பதுங்கியிருந்தாலே ஒவ்வொரு படிக்கும் 2 புள்ளி, அதாவது இரண்டு பினிஷுக்கு ஈடான கூலி கிடைத்தது. புதியதில் அதே படிகளுக்கு ஒரே புள்ளி. நடு ஆட்டத்தில் ஒதுங்கி நிற்பதன் மதிப்பு சரிபாதியாகிவிட்டது. எட்டிலிருந்து ஏழுக்கு ஏறுவதற்கு இப்போது கூடுதலாக ஒன்றுமே இல்லை என்பதால், எட்டு அணிகள் மிஞ்சியிருக்கும் நேரத்தில் ஒரு பினிஷுக்காகத் துணிவது மலிவான துணிவு. மாறாக இரண்டாம் இடத்துக்கும் முதலிடத்துக்கும் இடையிலான தாவல் மட்டும் 3இலிருந்து 4 ஆக உயர்ந்திருக்கிறது. ஆகவே புதிய அட்டவணையை நன்றாகப் படித்த அணி, எட்டு அணிகள் இருக்கும்போது சண்டையைத் தேடிச் சென்று, மூன்று அணிகள் எஞ்சியதும் சட்டென்று அடங்கி, மற்ற இரண்டும் முதலில் மோதும்வரை துப்பாக்கியைத் தாழ்த்தியே வைத்திருக்கும்.